ஓப்பல்: கல்லும் சொல்லும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறுக்கெழுத்துப் புதிர் கட்டுவது என் வேலை. நாலு கட்டம் மிச்சமிருக்கும் மூலைகளில் 'ஓப்பல்' என்ற சொல் எனக்கு எத்தனையோ முறை கைகொடுத்திருக்கிறது. சொல்லோடு பழகிய பிறகுதான் கல்லையும் தேடி வாங்கினேன். சுண்டுவிரல் நகம் அளவில் ஒன்று இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அன்றிலிருந்து கல்லைப் பற்றிக் கேட்பவர்களும் சொல்லைப் பற்றிக் கேட்பவர்களும் மாறி மாறி எழுதுகிறார்கள். இரண்டுக்கும் சேர்த்தே இங்கே பதில் சொல்கிறேன். இரண்டுக்கும் குணம் ஒன்றுதான்: கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் வேறொன்று தெரியும்.

ஓப்பல் என்ன வகைக் கல்?

மணலில் இருக்கும் அதே சிலிக்காதான், கூடவே தண்ணீர். எடையில் பெரும்பாலும் 6 முதல் 10 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும். சில வகைகளில் 20 சதவீதத்தையும் தொடும். வைரத்திலும் மாணிக்கத்திலும் அணுக்கள் படிகமாக அணிவகுத்து நிற்கும். ஓப்பலில் அப்படி இல்லை. அதனால் கனிமவியலில் இதை முழுக் கனிமமாகச் சேர்க்காமல், கனிமத்தை ஒத்தது என்ற தனி வகையில் வைப்பவர்கள் உண்டு.

மண்ணுக்குள் இறங்கும் நீர் பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போய் ஏதோ ஒரு சந்தில் தேங்குகிறது. நீர் மெல்ல மெல்ல வற்ற, கூழ் போன்ற ஒன்று மிஞ்சி இறுகுகிறது. அந்தக் கூழ் கல்லான பிறகும் கொஞ்சம் நீரை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களுக்குத் தேவைப்படும்.

அந்த நிறங்கள் எங்கிருந்து வருகின்றன? உள்ளே சாயம் இருக்கிறதா?

சாயம் துளியும் இல்லை. கல்லை வெட்டி அரைத்துப் பார்த்தால் அந்தச் சிவப்பும் பச்சையும் எங்கேயும் கிடைக்காது.

இந்தப் புதிர் வெகுகாலம் விடுபடாமல் இருந்தது. 1964-இல்தான் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் மின்னணு நுண்ணோக்கியின் அடியில் ஓப்பலை வைத்து விடையைக் கண்டார்கள். உள்ளே சிலிக்கா உருண்டைகள் ஒரே அளவில், பழக்கடையில் ஆரஞ்சுப் பழங்களை அடுக்கியதுபோல், வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு உருண்டையின் குறுக்களவும் ஏறத்தாழ 150 முதல் 300 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். ஒளியின் அலைநீளத்துக்கு ஈடான இந்த அடுக்குகளில் வெள்ளொளி பட்டுச் சிதறி, நிறம் நிறமாகப் பிரிந்து வெளியே வருகிறது.

உருண்டை பெரிதாக இருந்தால் சிவப்பு கிடைக்கும், சிறிதாக இருந்தால் நீலத்தோடும் ஊதாவோடும் நின்றுவிடும். சிவப்பு தெறிக்கும் ஓப்பல் அரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்: அவ்வளவு பெரிய உருண்டைகள் ஒரே அளவில் வளர்ந்து, கலையாமல் அடுக்கப்பட வேண்டும்.

என் மேசைக் கல்லை ஜன்னலோரம் கொண்டுபோய் இரண்டு விரலுக்கிடையில் பிடிக்கிறேன். நேராகப் பார்க்கும்போது நடுவில் ஒரு கடுகளவு சிவப்பு. நகத்தின் அகலத்துக்குச் சாய்த்தால் அது மஞ்சளாகிப் பச்சையாகிறது. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் அந்த இடம் அணைந்து, பக்கத்தில் இதுவரை வெறும் பாலாக இருந்த இடம் நீலமாக எரிகிறது. கல்லில் ஒன்றுமே மாறவில்லை, நான் பார்த்த கோணம் மட்டும்தான் மாறியது. பல வருடம் பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை.

எல்லா ஓப்பலும் இப்படி மின்னுமா?

இல்லை. பூமியில் கிடைக்கும் ஓப்பலில் பெரும்பகுதி மின்னாதது. உருண்டைகள் வெவ்வேறு அளவில் தாறுமாறாகக் கிடந்தால் பால்வெள்ளையோ சாம்பலோதான் மிஞ்சும். ஆஸ்திரேலியச் சுரங்கக்காரர்கள் அதை 'பாட்ச்' என்பார்கள். அதே சிலிக்காதான், அதே தண்ணீர்தான், அடுக்கு மட்டும் இல்லை.

புல்லின் இலையைத் தடவும்போது கையில் உறுத்துவதும் கண்ணுக்குத் தெரியாத ஓப்பல் துகள்கள்தான். செடி வேர்வழியாகச் சிலிக்காவை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிறது. மூங்கில் கணுக்களுக்குள் இறுகிக் கிடைக்கும் மூங்கிலுப்பும் இந்த இனம்தான். மூங்கிலில் முத்து பிறக்கும் என்று பழம்பாடல்களில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

ஓப்பல், ஓபல், ஓபால்: எப்படி எழுதுவது சரி?

மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. நான் 'ஓப்பல்' என்றே எழுதுகிறேன். 'ஓபல்' என்று எழுதினால் படிக்கிறவர் நடுவெழுத்தை 'பந்து' என்பதில் வருவதுபோல் உச்சரிப்பாரா, 'கோபம்' என்பதில் வருவதுபோல் உச்சரிப்பாரா என்ற சந்தேகம் வரும். இரட்டித்துவிட்டால் அந்தச் சந்தேகம் இல்லை. புதிர்க்காரனுக்கு இன்னொரு லாபமும் உண்டு: ஓ, ப், ப, ல் என்று நாலு கட்டம். ஆங்கிலத்திலும் இந்தச் சொல்லுக்கு நாலே எழுத்து.

பெயர் எங்கிருந்து வந்தது?

சமஸ்கிருதத்தில் 'உபல' என்றால் கல், மணி. அது கிரேக்கத்துக்குப் போய் 'ஓப்பல்லியோஸ்' ஆனது, லத்தீனில் 'ஓப்பலஸ்' ஆனது, ஆங்கிலத்துக்கு வரும்போது வால் அறுந்து 'ஓப்பல்' ஆனது என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட வழி. 'நிறம் மாறுவதைக் காண்பது' என்ற பொருளில் கிரேக்கத்திலேயே பிறந்த சொல் என்று ஒரு விளக்கமும் உலவுகிறது. கேட்க அழகாக இருக்கும், ஆனால் நான் முதல் வழியைத்தான் நம்புகிறேன்.

'உபலம்' தமிழ் அகராதிகளிலும் இருக்கிறது, கல் என்ற பொருளில். ஆக ஒரே சொல் நம்மிடம் இரண்டு தரம் வந்திருக்கிறது. ஒருமுறை பக்கத்து வீட்டிலிருந்து நேராக 'உபலம்' என்று. இன்னொரு முறை கிரேக்கம், ரோம், லண்டன் எல்லாம் சுற்றி, உடையும் பேச்சும் மாறி 'ஓப்பல்' என்று. ஒரே அகராதியில் இரண்டும் சற்றுத் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல்.

வைடூரியமும் சந்திரகாந்தக் கல்லும் ஓப்பலும் ஒன்றா?

மூன்றும் வேறு. வைடூரியம் பூனைக்கண் போல ஒற்றைக் கோடாக ஒளி ஓடும் கல். சந்திரகாந்தம் என்று இப்போது விற்கப்படுவது ஃபெல்ட்ஸ்பார் இனம், அதில் நிலா மாதிரி ஒரு நீலவெண் படலம் மிதக்கும். ஓப்பலில்தான் தனித்தனி நிறங்கள் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும்.

தமிழில் இந்தச் சொல்லை எப்படியெல்லாம் பிரித்து விளையாடலாம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஓ + பல். வியப்பொலி ஒன்று, வாயில் இருப்பது ஒன்று. பள்ளிக்கூடக் குழந்தைகூடப் பிரித்துவிடும். ஆனால் நன்னூல் சொல்லும் ஓரெழுத்து ஒருமொழிகளில் 'ஓ'வும் ஒன்று என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கு 'மதகுநீர் தாங்கும் பலகை' என்று பொருள். தண்ணீர் வெளியே போகாமல் தடுத்துப் பிடிக்கும் பலகை. தனக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் கல்லின் பெயர் அந்த எழுத்தில் தொடங்குகிறது! தற்செயல்தான். சொல்விளையாட்டுக்குத் தற்செயல்தான் முதல். இன்னொன்றும் கவனியுங்கள். 'பூ' முன் 'பந்து' வந்தால் 'பூப்பந்து' என்று வலி மிகுகிறது. அதேபோல் 'ஓ'வைப் பெயர்ச்சொல்லாக எடுத்து அதன் முன் 'பல்' வைத்தால், நடுவில் ஒரு 'ப்' தானாக முளைத்து 'ஓப்பல்' வந்துவிடுகிறது. இலக்கணமே கட்டத்தை நிரப்பித் தருகிறது.

அடுத்து, கடைசி எழுத்தின் புள்ளியைத் துடைத்துவிடுங்கள். 'பல்' என்பது 'பல' ஆகும். ஒரு புள்ளிதான் வித்தியாசம், ஒரு கல்லில் பல நிறம்.

மூன்றாவது, முதலெழுத்தைக் குறிலாக்குங்கள்: 'ஒப்பல்'. இதை ஒப்பு + அல் என்று பிரிக்கலாம். அல் என்பது மறுப்பு, ஆக ஒப்பு இல்லாதது. இரண்டு ஓப்பல் ஒரே மாதிரி அமைவதில்லை என்பதால் ஒரு ஜோடித் தோட்டுக்கு இரண்டு கல் பொருத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நகை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'அல்' என்பதற்கு இரவு, இருள் என்றும் பொருள் இருக்கிறது. இருளுக்கு ஒப்பான பின்புலத்தில் நிறம் எரியும் கறுப்பு ஓப்பலுக்கு இது அப்படியே பொருந்தும்.

ஒளித்து வைக்கும் புதிரில்தான் தமிழ் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லின் ஓரங்களில் ஒரு சொல்லைப் புதைப்பது எளிது. நம் உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் தன் வடிவில் நிற்கும், நடுவில் மெய்யோடு கலந்து 'கோ', 'தோ' என்று ஆகிவிடும். அதனால் 'ஓ'வில் தொடங்குகிற எதையும் ஒரு சொல்லின் வயிற்றுக்குள் மறைக்க முடியாது. ஒரே வழி, 'ஓ'வையே விளிச்சொல்லாக முன்னால் நிறுத்துவது. 'ஓ, பல்லக்கு', 'ஓ, பல்லவி', 'ஓ, பல்லி'. மூன்றிலும் 'ஓபல்' ஒளிந்திருக்கிறது, பாருங்கள். இங்கே மூன்றெழுத்து வடிவம்தான் உதவும்.

பல்லுக்கும் ஓப்பலுக்கும் உண்மையிலேயே ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு! இந்தப் பதிலைச் சொல்லக் காத்திருந்தேன்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் லைட்னிங் ரிட்ஜ் என்ற ஊர் கறுப்பு ஓப்பலுக்குப் பெயர்போனது. அங்கே புதைந்த எலும்புகளும் பற்களும் சிப்பிகளும் கரைந்துபோன இடத்தில், அல்லது அவற்றின் நுண்துளைகளில், சிலிக்காக் கரைசல் புகுந்து இறுகியிருக்கிறது. வடிவம் உயிரினுடையது, பொருள் ஓப்பல். 1985-இல் அங்கிருந்து ஒரு கீழ்த்தாடைத் துண்டை ஆராய்ந்து விவரித்தார்கள். முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸின் பழைய உறவு அது. 'ஸ்டீரோப்போடான்' என்று பெயர் வைத்தார்கள். சுமார் 10 கோடி ஆண்டுப் பழமை. அந்தத் தாடையில் மூன்று கடைவாய்ப் பற்கள் அப்படியே இருக்கின்றன, எல்லாமே ஓப்பலாக. டைனோசர் காலத்தில் ஆஸ்திரேலியாவில் பாலூட்டி வாழ்ந்தது என்பதற்கு முதலில் கிடைத்த சான்றும் அதுதான்.

படத்தில் பார்த்தபோது தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் ஒரு சிறு துண்டு, அதன்மேல் பல்லின் மேடு பள்ளம்கூட மழுங்காமல். ஓ, பல் என்றுதான் வாயில் வந்தது.

ஆங்கிலக் குறுக்கெழுத்துகளில் இந்தச் சொல் ஏன் அடிக்கடி வருகிறது?

உயிர், மெய், உயிர், மெய் என்று மாறி மாறி வருகிற நாலெழுத்து. சுற்றியிருக்கும் சொற்களோடு எப்படியும் பொருந்தும். அதற்கு மேல், பிரிக்கவும் வளைக்கவும் இடம் தரும் சொல். முதல் எழுத்து 'ஓ' வட்டமாக இருக்கிறது. புதிர்க்காரர் அதை மோதிரம் என்பார், முட்டை என்பார், பூஜ்யம் என்பார். மிச்சம் மூன்றெழுத்து 'பால்', நண்பன் என்று பொருள். 'நண்பனுக்கு முன் மோதிரம்' என்றால் விடை மணி. அந்தப் 'பால்' ஆங்கிலத்துக்கு, ஜிப்சிகள் எனப்பட்ட ரோமா மக்களின் ரோமானி மொழியிலிருந்து வந்த சொல், அதில் சகோதரன் என்று பொருள். அதன் வேர் சமஸ்கிருதத்தின் 'ப்ராத்ரு'. ஆக, 'உபல' ஒரு வழியில் போய்ச் சேர்ந்த அதே ஊருக்கு 'ப்ராத்ரு' வேறொரு வழியில் போய், ஒன்று மற்றதன் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

முன்னால் ஓர் எழுத்துச் சேர்த்தால் இன்னும் வேடிக்கை. 'சி' சேர்ந்தால் 'கோபல்', நறுமணப் புகைக்கு எரிக்கும் மரப்பிசின். 'என்' சேர்ந்தால் 'நோபல்', சப்பாத்திக்கள்ளி. பரிசுக்குப் பெயர் தந்த நோபல் வேறு எழுத்து, குழப்பிக்கொள்ள வேண்டாம். கோபல், நோபல் இரண்டும் மெக்சிகோவின் நவாட்டில் மொழிச் சொற்கள். வேரில் ஓப்பலோடு எந்த உறவும் இல்லை. ஆனாலும் தீ நிற ஓப்பலுக்குப் புகழ்பெற்ற நாடு மெக்சிகோ!

வேதியியல் தெரிந்தவர்களுக்கு ஒரு பொறி: ஓ என்றால் ஆக்சிஜன், பி என்றால் பாஸ்பரஸ், ஏ-எல் சேர்ந்தால் அலுமினியம். மூன்று தனிமக் குறியீட்டில் பெயர் முடிந்துவிடுகிறது. கல்லின் வாய்பாட்டில் இருப்பவை சிலிக்கனும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும். பெயருக்கும் பொருளுக்கும் பொதுவானது ஆக்சிஜன் ஒன்றுதான்.

'டப்லெட்' என்று கடையில் சொன்னார்கள். அது என்ன?

ஓப்பல் சில இடங்களில் காகிதம் போல் மெல்லிய படலமாகத்தான் கிடைக்கும். அதைத் தனியாக அணிய முடியாது. அதனால் பின்னால் கறுப்பான ஒரு தகட்டை ஒட்டுவார்கள். அந்த இரட்டைதான் டப்லெட். மேலே கண்ணாடியோ பளிங்கோ ஒரு மூடி போட்டு மூன்றடுக்காக்கினால் டிரிப்லெட். சொல்லி விற்றால் மோசடி ஒன்றுமில்லை. பக்கவாட்டில் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் ஒட்டின கோடு நூல் பிடித்ததுபோல் நேராகத் தெரியும்.

ஆனால் இந்த 'டப்லெட்' என்ற சொல்லுக்குள் நான் சில வாரங்கள் தொலைந்துபோனேன். ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில் கோமாளி ஃபெஸ்டி, ஓர்சினோ பிரபுவிடம், உங்கள் தையல்காரர் உங்களுக்கு நிறம் மாறும் பட்டில் டப்லெட் தைக்கட்டும், ஏனென்றால் உங்கள் மனம் ஓர் ஓப்பல் என்கிற மாதிரி ஒரு வரி சொல்கிறான். அங்கே டப்லெட் என்றால் உடம்பை ஒட்டிப் போடும் சட்டை. நகைத் தொழிலில் இன்று வழங்கும் பொருளை வைத்துப் படித்தால் ஓப்பலும் டப்லெட்டும் ஒரே வாக்கியத்தில்!

அதோடு நிற்கவில்லை. லூயிஸ் கரோல் 1879-இல் வெளியிட்ட சொல்விளையாட்டுக்கும் 'டப்லெட்ஸ்' என்றே பெயர். ஒரு சொல்லில் ஒவ்வோர் எழுத்தாக மாற்றி இன்னொரு சொல்லுக்குப் போக வேண்டும். இதில் ஓப்பலின் ஆங்கில எழுத்துகளில் இரண்டாவதை மாற்றிப் பாருங்கள். 'ஓவல்' வரும், நீள்வட்டம். ஓப்பலை மெருகிடும்போது பெரும்பாலும் கொடுக்கும் வடிவம் அதுதான். இன்னொரு தரம் மாற்றினால் 'ஓரல்', வாய் சார்ந்தது. பல் மறுபடியும் வந்துவிட்டது.

நாலாவது அர்த்தம் மொழியியலில். ஒரே வேரிலிருந்து வேறு வேறு வழியில் ஒரு மொழிக்குள் வந்து சேர்ந்த இரட்டைச் சொற்களை டப்லெட் என்பார்கள். மேலே சொன்ன உபலமும் ஓப்பலும் தமிழின் டப்லெட். கல்லில் ஓர் இரட்டை, சட்டையில் ஒன்று, விளையாட்டில் ஒன்று, அகராதியில் ஒன்று. இப்படி ஒரு சொல் அகப்படுவது புதிர் கட்டுகிறவர் வாழ்வில் அடிக்கடி நடக்காது.

வேறு எதற்கெல்லாம் ஓப்பல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்?

அதிகமும் ஆஸ்திரேலியாவில். 1993 முதல் அது அந்நாட்டின் தேசிய மணி என்பதால் அதில் வியப்பில்லை. அவர்களுடைய மகளிர் கூடைப்பந்து அணிக்கு 'ஓப்பல்ஸ்' என்று பெயர். 2000, 2004, 2008 மூன்று ஒலிம்பிக்கிலும் வெள்ளி. சிட்னியில் ரயிலுக்கும் பேருந்துக்கும் தட்டிவிட்டு ஏறும் பயண அட்டை ஓப்பல். அங்கேயே லூகாஸ் ஹைட்ஸில் 2007-இல் திறந்த ஆராய்ச்சி அணு உலையும் ஓப்பல். அது முதலெழுத்துகளைச் சேர்த்துக் கட்டிய பெயர். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 1989 முதல் 2000 வரை இயங்கிய ஒரு துகள் உணர்கருவிக்கும் அதே பெயர், அதுவும் முதலெழுத்துச் சேர்க்கைதான். பிரிட்டனில் 'ஓப்பல் ஃப்ரூட்ஸ்' என்று விற்ற மிட்டாய் 1998-இல் 'ஸ்டார்பர்ஸ்ட்' ஆனது.

ஜெர்மன் கார் நிறுவனம் ஓப்பெலுக்கு ஆங்கிலத்தில் ஓரெழுத்து வேறு. 1862-இல் தையல் இயந்திரம் செய்யத் தொடங்கிய ஆடம் ஓப்பெலின் குடும்பப் பெயர் அது. ரோமானியர்கள் டிசம்பரில் கொண்டாடிய 'ஓப்பாலியா' விழா 'ஓப்ஸ்' என்ற வளமைத் தெய்வத்துக்கு உரியது. இரண்டிலும் கல்லுக்குப் பங்கில்லை.

எங்கெங்கே கிடைக்கிறது?

வெள்ளை ஓப்பலுக்குத் தெற்கு ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி. 1915-இல் தங்கம் தேடிப் போன கூட்டத்தோடு இருந்த 14 வயதுப் பையன் ஓப்பலைக் கண்டெடுத்தான். வெயில் தாங்காமல் அங்கே பலர் இன்றும் நிலத்தடியில் குடைந்த வீடுகளில் வாழ்கிறார்கள். கறுப்புக்கு லைட்னிங் ரிட்ஜ். இரும்புக்கல்லின் கீறல்களுக்குள் ஓடும் ஓப்பலுக்கு குயின்ஸ்லாந்து. தீ நிறத்துக்கு மெக்சிகோவின் கெரெட்டாரோ. எத்தியோப்பியாவின் வொல்லோ பகுதியிலிருந்து 2008 முதல் ஏராளமாக வருகிறது. ரோமானியர்கள் அணிந்தவை இன்றைய ஸ்லோவாக்கியாவின் மலைகளிலிருந்து போயிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றும் விண்கலமும் 2008-இல் அங்கே நீர் கலந்த சிலிக்கா இருப்பதைக் காட்டியது. அங்கேயும் ஒருகாலத்தில் தண்ணீர் இருந்தது என்பதற்கு அது ஒரு தடயம்.

ஓப்பல் அணிந்தால் கெடுதல் வருமா?

வராது. இந்த அச்சத்தை வளர்த்ததில் ஒரு நாவலுக்குப் பெரிய பங்கு உண்டு. வால்டர் ஸ்காட் 1829-இல் எழுதிய 'ஆன் ஆஃப் கைர்ஸ்டைன்'. அதில் ஒரு சீமாட்டி தலையில் ஓப்பல் அணிந்திருப்பாள். அவள் மனநிலைக்கு ஏற்ப அது ஒளிரும். தேவாலயத் தீர்த்தம் ஒரு துளி அதன்மேல் பட்டதும் கல் மங்குகிறது, அவள் மயங்கி விழுகிறாள், மறுநாள் படுக்கையில் சாம்பல்தான் இருக்கிறது. படித்தவர்கள் கல்லைக் கழற்றி வைத்தார்கள். பின்னால் விக்டோரியா மகாராணி தாமே விரும்பி அணிந்து, மகள்களுக்கும் பரிசளித்து அதன் மதிப்பை மீட்க உதவினார்.

அதற்கு முந்தைய காலத்தில் இதே கல் நற்பேறு தருவதாக இருந்தது. ரோமாபுரி செனட்டர் நோனியஸின் மோதிரத்து ஓப்பல் மீது மார்க் ஆன்டனி கண் வைத்தபோது, அவர் எல்லாச் செல்வத்தையும் விட்டுவிட்டு அந்த மோதிரத்தோடு மட்டும் நாட்டைவிட்டு ஓடினார் என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். இடைக்கால ஐரோப்பாவில் ஓப்பலைக் கண்ணுக்கு நல்லது என்று நம்பி, கிரேக்கத்தில் கண்ணைக் குறிக்கும் சொல்லை ஒட்டி 'ஆஃப்தால்மியஸ்' என்று அழைத்தார்கள். பெயரின் ஓசை ஒற்றுமைதான் நம்பிக்கைக்கும் வழிவிட்டிருக்கும் என்பது என் ஊகம். வைத்திருப்பவர் மற்றவர் கண்ணுக்குத் தெரியமாட்டார் என்றும் ஒரு நம்பிக்கை. அதனால் 'திருடர்களின் காவலன்' என்ற பட்டமும் கிடைத்தது.

தண்ணீர் படலாமா? எப்படிப் பாதுகாப்பது?

எந்த ஓப்பல் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். திடமான ஆஸ்திரேலியக் கல்லுக்குத் தண்ணீரால் தீங்கில்லை. எத்தியோப்பியக் கல்லில் பெரும்பாலானவை நீரை உறிஞ்சும். நாக்கில் தொட்டால் லேசாக ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு சிறு துண்டின்மேல் துளி விட்டுப் பார்த்தேன். பச்சைப் பொட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்து, கல் கண்ணாடித் துண்டாகத் தெளிந்துவிட்டது. இரண்டு நாள் காய்ந்தபின் நிறம் திரும்பியது. ஸ்காட்டின் கதை நினைவுக்கு வந்து உடம்பு சிலிர்த்தது. இவ்வகைக் கல்லில் எண்ணெயும் வாசனைத் திரவியமும் படவே கூடாது, உறிஞ்சினால் கறை நிற்கும்.

டப்லெட்டை ஊறவைக்காதீர்கள். என்னிடம் இருந்த ஒன்றை விவரம் தெரியாமல் ராத்திரி முழுதும் தண்ணீரில் விட்டேன். காலையில் ஓரத்தில் பால் படர்ந்திருந்தது. பசைக்குள் புகுந்த நீர் பிறகு போகவே இல்லை.

எந்த வகையானாலும் திடீர்ச் சூடு ஆகாது. உள்ளிருக்கும் நீர் வேகமாக வெளியேறினால் கல்லில் சிலந்திவலை போல் நுண்விரிசல் ஓடும். கடினத்தில் மோஸ் அளவில் 5.5 முதல் 6.5 தான். காற்றில் பறக்கும் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது, அதன் கடினம் 7. உலர்ந்த துணியால் தூசியோடு அழுத்தித் துடைத்தால் நீங்களே கீறல் போடுகிறீர்கள். ஈரத் துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள். மீயொலி அதிர்வில் சுத்தம் செய்யும் கருவி வேண்டவே வேண்டாம்.

செயற்கை ஓப்பலை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரான்சில் பியர் கில்சன் 1970-களில் ஆய்வகத்தில் உருண்டைகளை அடுக்கி ஓப்பல் செய்துகாட்டினார். உருப்பெருக்கியில் பார்த்தால் இவ்வகைக் கல்லின் நிறத்திட்டுகளுக்குள் செதில் செதிலாக ஓர் அமைப்பு தெரியும். மணி ஆய்வாளர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'பல்லித்தோல்'. 'ஓ, பல்லி' என்பதில் ஓப்பல் ஒளிந்திருப்பதை மேலே பார்த்தோம். ஓப்பலுக்குள்ளும் பல்லி ஒளிந்திருந்தால் அது மனிதன் செய்தது! பெரிய தொகை கொடுக்குமுன் ஆய்வகச் சான்று வாங்கிவிடுங்கள்.

அக்டோபருக்கு இது எப்படி வந்தது?

அமெரிக்க நகை வணிகர் சங்கம் 1912-இல் வகுத்த மாதக்கல் பட்டியலில் அக்டோபருக்கு ஓப்பல். டூர்மலின் என்ற கல்லும் அந்த மாதத்துக்கு உண்டு. ஆங்கிலத்தில் அக்டோபர், ஓப்பல் இரண்டு பெயருக்கும் முதலெழுத்து 'ஓ' என்பதால் எனக்கு இது மறப்பதே இல்லை.

நீங்கள் கட்டிய ஓப்பல் குறிப்புகள் சிலவற்றைத் தர முடியுமா?

மூன்று தருகிறேன், விடையின் வழியும் சேர்த்து.

'ஓ, பல்லக்கில் ஏறி மறைந்து வருவது எந்த மணி? (3)' விடை ஓபல், முதல் மூன்று எழுத்தில் ஒளிந்திருக்கிறது. மணி என்றதும் நேரத்தையோ ஓசையையோ தேடிப் போனவர்கள் அதிகம்.

'மதகுப் பலகையைக் கடித்தது எதுவோ அதுவே மின்னும் (4)' ஓ என்ற பலகை, கடிப்பது பல், நடுவில் சந்தி.

மூன்றாவது எனக்குப் பிடித்தது, கட்டி முடிக்க நாலு நாள் ஆனது: 'குறுகினால் நிகரில்லை, நீண்டால் நிறம் மாறும் (4)'. குறிலில் ஒப்பு + அல். நெடிலாக்குங்கள்.